கைக்குப் பொருந்துவதும் கைவிடாததும்

கைத்துப்பாக்கியைத் தெரிவு செய்வோர் முதலில் தேடுவது இரண்டு குணங்களை. ஒன்று, பிடிப்பவரின் கையில் அது உறுத்தலின்றி அமர வேண்டும். மற்றது, விசைவில்லை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது தவறாமல் இயங்க வேண்டும். குளொக், பெரெட்டா, சிக் சவர், வால்தர், ஸ்மித் அன்ட் வெசன் ஆகிய பெயர்களில் எது சிறந்தது என்ற விவாதம் துப்பாக்கி பயில்வோரிடையே ஓய்ந்ததில்லை. பொருத்தமும் நம்பகமும் கம்பனியின் பெயரோடு ஒட்டிப் பிறப்பவை அல்ல. இரண்டையும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தும் இருக்கின்றன.

இலங்கையில் இந்தத் தெரிவு சாதாரண வீடுகளுக்கு உரியதன்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். தற்பாதுகாப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீளக் கையளிக்குமாறு 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நீண்ட போரைக் கண்ட நாட்டில் இந்தக் கட்டுப்பாடு அவசியமானது. ஆகவே கைத்துப்பாக்கியின் பொருத்தத்தையும் நம்பகத்தையும் எடைபோடும் பொறுப்பு பொலிஸாருக்கும் முப்படையினருக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியதாகிறது.

இரண்டு குடும்பங்கள்

கைத்துப்பாக்கிகளில் இரு பெரும் குடும்பங்கள் உண்டு. முதலாவது, உருளையில் ரவைகளை வைத்துச் சுழற்றிச் சுடும் ரிவோல்வர். பிரித்தானிய இராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவோல்வர், இங்கிலாந்தின் பேர்மிங்காமில் செய்யப்பட்டு பிரித்தானியச் சாம்ராஜ்ஜியம் முழுவதும் பரவியது. ஆறு ரவைகள் கொண்ட அதன் ஆறாம் வகை ஏறத்தாழ 1.1 கிலோ எடையுள்ளது. ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசைவில்லை மீண்டும் இழுத்தால் போதும், அடுத்த ரவை முன்னே வரும். இந்த எளிமையே அதன் பலம்.

இரண்டாவது, கைப்பிடிக்குள் ரவைக்கூட்டைச் செருகும் தானியங்கிப் பிஸ்டல். பெல்ஜியத்தில் 1935இல் வெளிவந்த பிறவுனிங் ஹை பவர் 13 ரவைகளைக் கொண்டது. இத்தாலியின் பெரெட்டா 92, 1975இல் அறிமுகமாகி, 1985இல் அமெரிக்கப் படைகளின் துப்பாக்கியானது. ஒஸ்திரிய இராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்ட குளொக் 17 இந்தத் துறையையே மாற்றியது. அதன் உடல் உருக்கினால் அன்றிப் பல்பகுதியத்தால், அதாவது உறுதியான பிளாஸ்ரிக் வகையால் ஆனது. பெரெட்டா வெறுமையாக ஏறத்தாழ 950 கிராம் இருக்க, குளொக் 700 கிராம் அளவிலேயே நின்றது. அதன் பின்னர் ஏனைய கம்பனிகளும் இதே வழிக்கு வந்தன.

கையின் கணக்கு

எடை குறைந்தால் சுமப்பது இலகு, சுடுவது கடினம். இதை உந்தக் காப்பு விதி விளக்குகிறது. 9 மில்லிமீற்றர் ரவையின் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடையுடன் செக்கனுக்கு 360 மீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். வாயுவின் பங்கை விட்டுவிட்டால், 800 கிராம் துப்பாக்கி செக்கனுக்கு 3.6 மீற்றர் வேகத்தில் பின்னே உதைக்கும். 1.2 கிலோ துப்பாக்கி 2.4 மீற்றர் வேகத்திலேயே உதைக்கும். உள்ளங்கை தாங்கவேண்டிய சக்தி முதலாவதில் 5.2 யூல், இரண்டாவதில் 3.5 யூல். எடை ஒன்றரை மடங்கானால் உதைப்பின் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

உதைப்பின் அளவைப் போலவே அது வரும் திசையும் முக்கியமானது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவையில் துப்பாக்கி தங்கி நிற்கிறது. குழலின் மையக்கோடு அந்தக் கவையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குழல்வாய் மேலே துள்ளும். குழல் கைக்கு நெருக்கமாக அமைந்த துப்பாக்கி அடுத்த குறிக்கு விரைவாகத் திரும்புகிறது.

கைப்பிடியின் சாய்வு மூன்றாவது அளவு. கொல்ட் 1911 வகைப் பிஸ்டலில் இந்தச் சாய்வு ஏறத்தாழ 18 பாகை, குளொக்கில் 22 பாகை. 1911 வகையில் பல ஆண்டுகள் பழகிய மணிக்கட்டு குளொக்கை ஏந்தும்போது குழலைச் சற்று மேலே உயர்த்திவிடும். இதில் எந்தச் சாய்வும் பிழையானதன்று. புதிய சாய்வைக் கை கற்றுக்கொள்ள நாட்கள் எடுக்கும், அவ்வளவே.

நான்காவது அளவு விசைவில்லுக்குள்ள தூரமும் அதன் கனமும். சுட்டுவிரலின் நுனிச் சதை விசைவில்லின் நடுவில் நேராகப் படவேண்டும். சிறிய கையில் விரல் எட்டாது. அப்போது பிடி திரும்பி, குழலும் ஒரு பக்கம் சாயும். பெரிய கையில் விரல் அளவுக்கு மீறி உள்ளே போகும். குளொக்கின் விசைவில்லை இழுக்க ஏறத்தாழ 2.5 கிலோ விசை தேவை. ரிவோல்வரை ஒரே இழுப்பில் சுட 4 முதல் 5 கிலோ வரை வேண்டியிருக்கும். 700 கிராம் பொருளை அசையாமல் பிடித்தபடி அதன் ஒரு முனையை 2.5 கிலோ விசையால் இழுப்பதென்பது விரல்களுக்குப் பெரும் சோதனை. கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், 1990களின் பிற்பகுதியில் வால்தர் பி99 கழற்றி மாற்றத்தக்க பின்பட்டையுடன் வந்தது. குளொக் 2010இல் தனது நான்காம் தலைமுறையில் அவ்வாறே செய்தது. ஒரே துப்பாக்கியைப் பல கைகளுக்குக் கொடுக்கவேண்டிய பொலிஸ் சேவைகளுக்கு இது பெரிய உதவி.

விளையாட்டில் பொருத்தம் உச்சத்தைத் தொடுகிறது. 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் போட்டியில் துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. விசைவில்லின் கனம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. குறிப்பலகையின் நடுவட்டம் 11.5 மில்லிமீற்றர் மட்டுமே. அதனால் வீரர்கள் மரக் கைப்பிடியைத் தங்கள் உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சீவியும் தேய்த்தும் பொருத்திக்கொள்கின்றனர். அந்தப் பிடி வேறொருவர் கையில் அமராது.

இயங்கத் தவறும் இடங்கள்

தானியங்கிப் பிஸ்டல் ஒரு ரவையைச் சுட்டதும், கண் இமைப்பதற்குள் பல வேலைகள் முடிய வேண்டும். மேலே முன்பின் ஓடும் உருக்குப் பாகமான சிலைட் பின்னே செல்லும், வெற்றுக்கோதை இழுத்து வெளியே எறியும், சுருள்வில் அதை முன்னே தள்ளும், புதிய ரவை குழலுக்குள் ஏறும். இவற்றில் ஒன்று பிசகினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். தளர்ந்த ரவைக்கூட்டுச் சுருள்வில், வளைந்த ரவைக்கூட்டு வாய், கரி படிந்த அறை, பழைய ரவை ஆகியன வழமையான காரணங்கள்.

இன்னொரு காரணம் கையிலேயே உள்ளது. சிலைட் முழுத்தூரமும் பின்செல்ல, கீழுள்ள உடல் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் உடலும் சேர்ந்து பின்னே போகும். சிலைட் பாதித் தூரத்தில் வேகம் இழக்கும், வெற்றுக்கோது வாயிலில் சிக்கும். எடை குறைந்த பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தென்படும். கைக்குப் பொருந்தாத பிடியை எவராலும் இறுகப் பற்ற முடியாது. ஒரு கையில் பழுதின்றி இயங்கும் துப்பாக்கி இன்னொரு கையில் அடிக்கடி சிக்குவதன் இரகசியம் இதுதான்.

பெயர்பெற்ற தயாரிப்புகளும் பிழைக்கு விலக்கல்ல. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படையினரின் பெரெட்டாக்கள் சிலவற்றில் சிலைட் முறிந்து பின்னே பறந்ததில் காயங்கள் ஏற்பட்டன. முறிந்தாலும் பின்னே வராதபடி உள்ளிருக்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கிக் கம்பனி அதைத் திருத்தியது. சிக் சவர் பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்பது 2017இல் வெளிப்பட்டது. அதன் விசைவில் தொகுதியை மாற்றிக்கொடுக்கக் கம்பனி முன்வந்தது.

இந்திய வீராங்கனை மனு பாக்கரின் அனுபவம் பலருக்கு நினைவிருக்கும். 2021 ஜூலை 25 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் தகுதிச் சுற்றில் அவரது பிஸ்டல் பழுதானது. 75 நிமிடங்களில் 60 தடவை சுடவேண்டிய போட்டியில், திருத்த வேலைக்குப் பல நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தைப் பெற்ற அவர், இறுதிச் சுற்றை இரண்டே புள்ளிகளால் தவறவிட்டார். 2024இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். ஒரு சிறு உறுப்பின் பழுது மூன்றாண்டுக் காத்திருப்பாக மாறியது.

கடற்காற்றும் உருக்கும்

கொழும்பில் நம்பகத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மரைன் டிரைவை அண்டிய வீடுகளின் யன்னல் கம்பிகளை உற்றுப் பார்த்தால் போதும். பூச்சு புதிதாகத் தெரியும் கம்பியிலும், ஒட்டுப்போட்ட மூலையில் சிறு கொப்புளம் எழுந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே செம்பழுப்புத் தூள். சுவரில் அதன் கறை கோடாக வழிந்திருக்கும். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் கடைகளில் இரும்புக் கதவுகளுக்கும் இதே நிலைதான்.

காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் உருக்கில் துரு வேகமெடுக்கும். கொழும்பில் அது பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, உலோகத்தைக் காக்கும் மெல்லிய படலத்தையும் துளைக்கிறது. துப்பாக்கியிலும் துரு முதலில் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே தொடங்கும்: கைப்பிடித் தகட்டின் அடியில், ஊசித் துளைகளில், ரவைக்கூட்டுச் சுருள்வில்லில். பல்பகுதிய உடல் துருப்பிடிக்காது. ஆனால் அதனுள் இருக்கும் சுருள்விற்களும் ஊசிகளும் உருக்கே. தோல் உறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், துப்பாக்கியை அதற்குள்ளேயே நெடுநாள் விட்டுவைப்பது கேடு. துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, உலர்ந்த பூட்டிய பெட்டியில் வைப்பதே கடலோர நகரத்துக்கு உகந்த முறை.

எத்தனை ரவை சுட்டால் நம்பலாம்?

200 ரவைகளைத் தடையின்றிச் சுட்ட துப்பாக்கியை முற்றாக நம்பலாம் என்று பலர் கருதுகின்றனர். புள்ளிவிபரவியல் இதை ஏற்பதில்லை. சராசரியாக நூறுக்கு ஒருமுறை சிக்கும் துப்பாக்கியும் 200 ரவைகளைச் சிக்காமல் சுட்டு முடிக்க 13 சதவீத வாய்ப்பு உண்டு. இதற்கு ‘மூன்றின் விதி’ என்றொரு எளிய கணக்கு இருக்கிறது. தவறே நிகழாத சோதனையில், சுட்ட எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் தவறும் வீதத்தின் மேல்எல்லை கிடைக்கும். அந்த முடிவை 95 சதவீதம் நம்பலாம். 200 ரவைகள் காட்டும் எல்லை 1.5 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறாது என்று சொல்ல, 3,000 ரவைகளைத் தடையின்றிச் சுட்டிருக்க வேண்டும். தனியொருவரின் அனுபவத்தால் ஒரு கம்பனியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஏன் பொருந்தாது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. படைகளும் பொலிஸ் சேவைகளும் பல துப்பாக்கிகளில் பல்லாயிரம் ரவைகளைச் சுட்டே கொள்வனவு செய்கின்றன.

எனவே தெரிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பயன்படுத்துவோரின் கையளவு, பிடி, விசைவில்லுக்குள்ள தூரம். அடுத்து அதே கைகளில், பயன்படுத்தப்போகும் அதே ரவைகளுடன் நீண்ட சோதனை. பின்னர் துப்பாக்கி வாழப்போகும் காலநிலை, அதற்கான பராமரிப்பு, உதிரிப்பாகங்கள் கிடைக்கும் வசதி. இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு துப்பாக்கிகள் சமமாக நின்றால், அப்போது பெயரைப் பார்க்கலாம்.