மாருதி ஆம்னி

மாருதி ஆம்னி என்பது 1984 ஆம் ஆண்டு முதல் 2019 ஆம் ஆண்டு வரை இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட சிறுவகை வேன் ஆகும். மாருதி உத்யோக் நிறுவனம் (2007 முதல் மாருதி சுசுக்கி) இதனைத் தயாரித்தது. இதன் எந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் அமைந்துள்ளது. ஓட்டுநர் முன் சக்கரங்களுக்கு மேலே அமர்ந்து ஓட்டுகிறார். மதுரை போன்ற பழைய நகரங்களின் குறுகிய தெருக்களில் இவ்வண்டி எளிதாகத் திரும்புவதற்கும், நகருக்கு வெளியே திறந்த சமவெளிச் சாலைகளில் விரைந்து செல்கையில் தடுமாறுவதற்கும் இந்த ஒரே அமைப்புதான் அடிப்படைக் காரணமாகும்.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்கள் இயக்கும் தொலைதூரப் பேருந்துகள் ஆம்னி பஸ் என அழைக்கப்படுகின்றன. அவற்றுக்கும் இவ்வண்டிக்கும் தொடர்பில்லை.

வரலாறு

மாருதி 800 மகிழுந்து 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டில், அதே 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று உருளை எந்திரத்துடன் மாருதி வேன் வெளியானது. 1988 இல் இதற்கு ஆம்னி என்ற பெயர் சூட்டப்பட்டது. எனினும் மாருதி வேன் என்ற பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

இவ்வண்டி சப்பானிய நிறுவனமான சுசுக்கியின் கேரி என்னும் சிறு வண்டியைத் தழுவியதாகும். சப்பானில் குறைந்த வரி விதிக்கப்படும் சிறு வண்டிகளுக்கு கெய் என்றொரு தனி வகுப்பு உண்டு. 1976 முதல் 1989 வரை நடப்பிலிருந்த விதிகளின்படி இவ்வகுப்பு வண்டியின் நீளம் 3.2 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக் கூடாது. இந்த எல்லைக்குள் ஆட்களுக்கும் சரக்குக்கும் இடம் தேட வேண்டியிருந்ததால், வடிவமைப்பாளர்கள் எந்திரத்தை இருக்கையின் கீழே தள்ளி, வண்டியின் மூக்கையே நீக்கிவிட்டனர். ஆம்னியின் ஒடுங்கிய உருவம் சப்பானிய வரி விதியின் விளைவு என்று கூறலாம்.

ஆம்னி வெளிவந்த காலத்திலேயே அமெரிக்காவில் டாட்ஜ் காரவன், பிரான்சில் ரெனோ எசுப்பேசு ஆகிய மினிவேன்களும் அறிமுகமாயின. அவற்றில் எந்திரம் மூக்குப் பகுதியில் அமைந்து முன் சக்கரங்களை இயக்கியது. ஆகவே அவை மகிழுந்தைப் போலவே ஓடின. ஆம்னியோ சிறிய லாரியின் அமைப்பையே கொண்டிருந்தது.

அமைப்பு

ஆம்னியின் நீளம் 3,370 மி.மீ. ஆகும். இது மாருதி 800 மகிழுந்தின் நீளத்தைவிட (3,335 மி.மீ.) 35 மி.மீ. மட்டுமே கூடுதல். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு மாருதி 800 இல் 2,175 மி.மீ.; ஆம்னியில் 1,840 மி.மீ. மட்டுமே. ஒப்பீட்டுக்கு, அம்பாசடர் மகிழுந்தில் இத்தொலைவு 2,464 மி.மீ. ஆகும். வண்டியின் உயரமோ அதன் அகலத்தைவிட அதிகம்: அகலம் ஏறக்குறைய 1.4 மீட்டர், உயரம் 1.64 மீட்டர்.

எந்திரத்தின் ஆற்றல் ஏறக்குறைய 35 குதிரைத்திறன். நான்கு கியர்கள் உள்ளன. எந்திரம் முன்புறம் இருந்தாலும் பின் சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. பின் அச்சைப் பட்டைவில்கள் தாங்குகின்றன. சக்கரங்கள் 12 அங்குல அளவுடையவை. ஸ்டியரிங்குக்கு ஆற்றல் உதவி கிடையாது. பயணிகள் ஏறி இறங்கும் கதவுகள் இருபுறமும் பின்னோக்கி நகர்பவை.

நகரத் தெருக்களில் ஓட்டும் தன்மை

மதுரையின் பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றையொன்று சூழ்ந்த சதுர வீதிகளாக அமைந்துள்ளது. சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் என்பன உள்ளிருந்து வெளியாக அமையும் வரிசையாகும். இவ்வீதிகளின் திருப்பங்கள் செங்கோணமானவை. இவற்றை இணைக்கும் சந்துகள் மிகக் குறுகியவை. மொத்த விற்பனைக் கடைகள் நிறைந்த கீழமாசி வீதி போன்ற இடங்களில் கைவண்டி, ஆட்டோ, சுமை வண்டி ஆகியவற்றுக்கு இடையில்தான் வழி தேட வேண்டும்.

அச்சுகள் நெருங்கியிருப்பதால் ஆம்னி சிறு வட்டத்தில் திரும்பிவிடும். அதன் திருப்ப ஆரம் 4.1 மீட்டர் மட்டுமே. ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட மூக்கு இல்லாததால், வண்டியின் முன் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை அவர் ஊகிக்க வேண்டியதில்லை. உயர்ந்த இருக்கையிலிருந்து சாலை நன்கு தெரிகிறது. சுவரை ஒட்டி நிறுத்தினாலும் நகரும் கதவைத் திறந்து இறங்கிவிட முடிகிறது.

மகிழுந்து ஓட்டிப் பழகியவர் ஆம்னியில் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மகிழுந்தில் முன் சக்கரங்கள் ஓட்டுநருக்கு முன்னே உள்ளன. ஆம்னியில் அவை அவரது இருக்கைக்குக் கீழே உள்ளன. எனவே தெருமுனையில் சற்றுக் கூடுதலாக முன்னேறிய பின்னரே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பழக்கத்தில் முன்கூட்டியே திருப்பினால் வண்டியின் உட்பக்கம் முனைச் சுவரில் உரசும்.

கியர்ப்பெட்டி கியர்த்தண்டுக்குப் பின்னால் இருப்பதால், இரண்டையும் நீண்ட கம்பிகள் இணைக்கின்றன. இதனால் கியர் மாற்றுகையில் இறுக்கமான உணர்வு கிடைப்பதில்லை. பழைய வண்டிகளில் இத்தளர்ச்சி மேலும் கூடும்.

வேகத்தடைகளும் மேடுபள்ளங்களும்

அச்சுகள் நெருங்கிய வண்டி, வேகத்தடையில் ஏறும்போது முன்னும் பின்னுமாக ஆடும். முன் சக்கரம் ஏறிய அதிர்ச்சி அடங்கும் முன்பே பின் சக்கரம் ஏறிவிடுகிறது. முன்னிருக்கையில் இருப்பவர் நேரடியாகச் சக்கரத்தின் மேல் அமர்ந்திருப்பதால் அதிர்ச்சி குறையாமல் அவரை எட்டுகிறது. எட்டு இருக்கை வகையில் கடைசி வரிசையில் அமர்பவர்களும் பின் அச்சின் அருகே இருப்பதால் இதே நிலைக்கு உள்ளாகின்றனர். நடு இருக்கையே ஒப்பளவில் வசதியானது. ஆம்னி நோயாளர் ஊர்தியாகவும் பயன்பட்டுள்ளது. படுத்திருக்கும் நோயாளியை இத்தகைய வண்டியில் கொண்டு செல்கையில் வேகத்தடைகளில் மிக மெதுவாகச் செல்வது இன்றியமையாதது.

மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் நெற்கதிர்களையும் வைக்கோலையும் சாலையில் பரப்பும் வழக்கம் உண்டு. வைக்கோலின் மேல் சக்கரப் பிடிப்பு குறையும். ஆம்னியில் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்புறம் விழுகிறது. வண்டியை இயக்கும் பின் சக்கரங்களின் மேல் எடை குறைவு. பிரேக்கை மிதிக்கும்போது எடை மேலும் முன்னோக்கி நகர்வதால் பின் சக்கரங்கள் எளிதில் வழுக்கும். இக்காரணத்தால் காலி ஆம்னியை ஈரச் சாலையிலும் வைக்கோலிலும் திடீரென நிறுத்த முயல்வது ஆபத்தானது.

நெடுஞ்சாலையில் ஓட்டும் தன்மை

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக விருதுநகர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்பு 7), பெரிதும் வடக்குத் தெற்காகக் கரிசல் சமவெளியில் செல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று இச்சாலையில் செல்லும் வண்டியின் விலாவில் நேராக மோதும். உயர்ந்த தட்டையான பக்கங்களையும் குறைந்த எடையையும் கொண்ட ஆம்னியைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது.

லாரியை முந்தும்போது இவ்விளைவு தெளிவாக உணரப்படும். வடக்கு நோக்கிச் செல்கையில், முந்தப்படும் லாரி வண்டியின் இடப்புறத்தில், அதாவது மேற்குப் பக்கத்தில் இருந்து காற்றை மறைக்கிறது. லாரியைக் கடந்து வெளிவந்தவுடன் காற்று முழு வலுவுடன் மோதுகிறது. அச்சுகள் நெருங்கியிருப்பதால் ஸ்டியரிங்கைச் சிறிதளவு திருப்பினாலும் வண்டி விரைவாகத் திசை மாறும். பதற்றத்தில் தேவைக்கு மேல் திருப்பி, பின்னர் எதிர்ப்பக்கம் திருப்பினால் வண்டி கவிழவும் கூடும். சந்தில் உதவிய அதே விரைவுத் திருப்பம் இங்கே தீங்காகிறது.

வளைவில் செல்லும் வண்டியை வெளிப்புறம் சாய்க்கும் விளைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல நான்கு மடங்கு விளைவு 80 கி.மீ. வேகத்தில் உண்டாகும். ஒடுங்கியும் உயர்ந்தும் உள்ள வண்டிகளில் இதனைத் தாங்கும் வரம்பு குறைவு. கூரையின் மேல் சுமை ஏற்றினால் புவியீர்ப்பு மையம் மேலும் உயர்ந்து வரம்பு இன்னும் சுருங்கும்.

சுமையும் சமநிலையும்

ஆம்னியின் எடை ஏறக்குறைய 800 கிலோகிராம் மட்டுமே. ஒருவரின் எடை 60 கிலோகிராம் எனக் கொண்டால் எட்டுப் பேரின் எடை 480 கிலோகிராம். இது வண்டியின் எடையில் பாதிக்கும் மேல். ஆகவே காலி ஆம்னியும் நிறைந்த ஆம்னியும் ஓட்டுவதற்கு இரு வேறு வண்டிகள் போலத் தோன்றும்.

சுமை ஏறியவுடன் பின் சக்கரங்களின் பிடிப்பு கூடி, ஏற்றத்தில் வண்டி நன்கு இழுக்கிறது. ஆனால் நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவும் கூடுகிறது. சுமை பின் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் முன்புறம் எடை குறைந்து, ஸ்டியரிங் இலேசாகித் திசைப் பிடிப்பு தளரும். முன்விளக்கின் ஒளியும் மேல்நோக்கி உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். சுமையை இரு அச்சுகளுக்கு இடையிலும், தாழ்வாகவும் வைப்பதே இதற்கு வழியாகும்.

வெப்பமும் ஓசையும்

எந்திரம் இருக்கைக்கு அடியில் இருப்பதால் அதன் வெப்பமும் ஓசையும் ஓட்டுநரை நேரடியாக எட்டுகின்றன. மதுரையின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும் நாட்களில் நீண்ட தொலைவு ஓட்டுவது களைப்பைத் தரும். ஐந்தாம் கியர் இல்லாததால் நெடுஞ்சாலை வேகத்தில் எந்திரம் உரத்து முழங்கும். எனினும் இருக்கையைத் தூக்கியவுடன் எந்திரத்தை அடைய முடிவதால் பழுது பார்ப்பது எளிது.

மோதலில் பாதுகாப்பு

மூக்குள்ள மகிழுந்து நேருக்கு நேர் மோதும்போது, மூக்குப் பகுதி நசுங்கி வேகத்தை உள்வாங்குகிறது. பயணிகள் நிற்கும் தொலைவு இதனால் கூடுகிறது. ஒரே வேகத்திலிருந்து பாதித் தொலைவில் நிற்க நேர்ந்தால் உடலின் மேல் விழும் சராசரி விசை இரு மடங்காகும். ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் பொருளுக்கும் இடையில் நசுங்குவதற்கான இடம் மிகக் குறைவு. ஓட்டுநரின் திறமையால் ஈடுசெய்ய முடியாத குறை இதுவே.

இந்தியாவில் நேர் மோதல் சோதனை 2017 அக்டோபர் முதல் புதிய வகை மகிழுந்துகளுக்கும், 2019 அக்டோபர் முதல் முன்பே விற்பனையிலிருந்த வகைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இதில் வண்டி மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் தடுப்பின் மீது மோதவிடப்படுகிறது. மூக்கற்ற ஆம்னியை இவ்விதிக்கு ஏற்ப மாற்றியமைப்பது இயலாததாயிற்று. 35 ஆண்டு உற்பத்தி 2019 இல் முடிவுற்றது.

பின்வந்த வண்டிகள்

2001 இல் மாருதி வெர்சாவும், அதன் உடலமைப்பைத் தழுவி 2010 இல் மாருதி ஈக்கோவும் வெளிவந்தன. ஈக்கோவில் அச்சிடைத் தொலைவு 2,350 மி.மீ.; இது ஆம்னியைவிட 510 மி.மீ. கூடுதல். முன் சக்கரங்கள் ஓட்டுநருக்கு முன்னே நகர்ந்து, சிறிய மூக்கும் சேர்ந்தது. நெடுஞ்சாலையில் ஈக்கோ நேராகச் செல்வதற்கு இதுவே காரணமாகும். ஆயினும் சிறு மூக்கு மட்டும் போதுமான காப்பு ஆகாது. காற்றுப்பை இல்லாத ஈக்கோ, குளோபல் என்கேப் அமைப்பு 2016 இல் நடத்திய மோதல் சோதனையில் ஒரு விண்மீனும் பெறவில்லை. பின்னர் இவ்வண்டி புதிய விதிகளுக்கேற்ப மாற்றப்பட்டது.

உற்பத்தி நின்ற பின்னரும் பழைய ஆம்னிகள் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோர் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றாமல் இருப்பதும், அனைவரும் இருக்கைப்பட்டை அணிவதும் இன்றியமையாதவை.