பிணைந்த சீட்டுகளைக் கணினியே முடித்தல்

பாடாலூர், திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்த ஊர். அவ்வூர்த் தெரு ஒன்றில் குடிநீர்க் குழாய் உடைந்ததாகக் கொள்வோம். நாற்பது வீட்டார் தனித்தனியே முறையிடுகின்றனர். முறையீடுகளை ஏற்கும் கணினி நாற்பது சீட்டுகளைப் பதிந்துகொள்கின்றது. (அலுவலகங்களில் டிக்கெட் என வழங்குவதையே நாம் சீட்டு என்கின்றோம்.) உடைப்பு ஒன்றே, சீட்டுகளோ நாற்பது. குழாய் செப்பனிடப்பட்டபின் எழுத்தர் ஒருவர் அந்நாற்பதையும் ஒவ்வொன்றாய்த் திறந்து ‘முடிந்தது’ எனக் குறித்தல் வீண் உழைப்பன்றோ? அவ்வுழைப்பைக் கணினியே ஏற்குமாறு செய்யும் வழியினை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

இத்தகைய மென்பொருள்களுள் பக்ஸில்லா 1998-லும், ஜிரா 2002-லும் தோன்றின. பின்னதன் பெயர் காட்ஸில்லா என்னும் திரைப்பட விலங்கின் சப்பானியப் பெயராகிய கோஜிராவின் குறுக்கமாம். பெயரிட்டோரின் நகைச்சுவை நன்று. நம் நாட்டிலோ, திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் நண்பரொருவருடன் 2010-இல் சென்னையில் பிரெஷ்டெஸ்க் என்பதனைத் தொடங்கினார். பல சீட்டுகளை ஒரு தலைச்சீட்டோடு பிணைக்கும் வசதி அதனுள்ளும் உண்டு.

கணினிக்கு நாம் எழுதித்தரும் ஆணைத்தொடர் மூன்று உறுப்புகளையுடையது. ஒரு சீட்டு ‘முடிந்தது’ என்னும் நிலையை எய்துதல் நிகழ்ச்சி. அதனோடு பிணைந்த சீட்டு இன்னும் முடியாதிருக்கின்றதா, பிணைப்பு எவ்வகையினது என நோக்குதல் நிபந்தனை. அதனை முடித்து, இன்ன காரணத்தால் முடிந்ததெனக் குறிப்பெழுதுதல் செயல். எழுதுதல் அரிதன்று, நிபந்தனையை ஆராய்ந்தமைத்தலே அரிது.

மேற்கூறிய நாற்பதில் ஒன்றைத் தலைச்சீட்டாக்கி, ஏனைய முப்பத்தொன்பதையும் அதன் ‘மறுபடி’ எனப் பிணைக்கலாம். தலைச்சீட்டு முடியின் மறுபடிகளும் முடிதல் முறை. ஆயின், மறுபடி ஒன்று முடிந்ததனால் தலைச்சீட்டு முடிதல் ஆகாது. புலிகொல் யானை என்புழிக் கொன்றது புலியோ யானையோ என்னும் ஐயம் இலக்கணம் பயில்வார்க்குப் பழகியதே. இங்கும் அவ்வாறே, பிணைப்பின் திசையறியாத ஆணைத்தொடர் பொருளை மாறிக்கொள்ளும். இனி, குழாய் செப்பனிடப்படும்வரை தெருவிற்குத் தார் இடுதல் இயலாது. எனவே குழாய்ச்சீட்டு தார்ச்சீட்டைத் ‘தடுக்கின்றது’. குழாய்ச்சீட்டு முடிந்தவுடன் தார்ச்சீட்டின் வேலை தொடங்கலாம் என்பதன்றி, அது முடிந்தது என்பதன்று. அதனையும் சேர்த்து முடித்துவிட்டால், தோண்டிய பள்ளம் தெருவில் கிடக்க, பதிவேட்டில் மட்டும் தார் பளபளக்கும்! ‘தொடர்புடையது’ என்னும் பிணைப்போ வெறும் சுட்டு. அதுகொண்டு எதனையும் முடித்தல் தகாது. ஒரு பெருவேலையைச் சேய்ச்சீட்டுகளாகப் பகுத்தவிடத்து, சேய் ஒன்று முடியுந்தோறும் எஞ்சியவற்றை எண்ணி, எஞ்சியது யாதுமில்லை எனக் கண்ட பின்னரே தாய்ச்சீட்டை முடித்தல் வேண்டும்.

ஓர் ஆணை மற்றோர் ஆணையைத் தூண்ட, அது மீண்டும் முன்னதைத் தூண்டும் சுழலும் உண்டு. இதனை அஞ்சியே ஜிராவில் ஓர் ஆணையின் செயல் பிறிதோர் ஆணையைத் தூண்டாவாறு இயல்பாகவே தடுத்துள்ளனர். வேண்டுவோர் அத்தடையை நீக்கிக்கொள்ளலாம்.

இவையாவும் சரியாயினும் ஓர் இடர் எஞ்சுகின்றது. நாற்பதில் ஒரு வீட்டாரின் குறை தெருக்குழாயினால் அன்றித் தம் வாயிலிலுள்ள அடைப்பினால் நேர்ந்திருக்கலாம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிய மேய்ப்பனைக் கணினி அறியாது. அவ்வீட்டாரின் சீட்டையும் முடித்துவிடும். பக்ஸில்லாவில் ஒரு முறையீட்டை மறுபடியெனக் குறித்தால், முறையிட்டவர் பெயர் தலைச்சீட்டின் செய்தி பெறுவோர் பட்டியலிற் சேரும். நடுவண் அரசு 2007-இல் தொடங்கிய சி.பி.கிராம்ஸ் என்னும் குறைதீர் தளத்திலும், முடிவில் நிறைவுறாதார் மேல்முறையீடு செய்ய இடமுண்டு. ஆதலின் நம் ஆணைத்தொடரும் உடனே முடித்துவிடாது, ‘தீர்ந்ததெனக் கருதுகின்றோம்’ என முறையிட்டவர்க்கு அறிவித்துச் சில நாள் காத்திருத்தல் வேண்டும். அவர் மறுப்பின் பிணைப்பை நீக்கி, அச்சீட்டைத் தனியே திறந்துவைக்க வேண்டும்.

எழுதியவுடனே முழு உரிமையுடன் ஓடவிடுதலும் நன்றன்று. முதலில் எதனையும் முடிக்காது, முடிக்கத்தக்கவற்றின் பட்டியலை மட்டும் தருமாறு அமைத்து, அதனை அத்தெருவை அறிந்த ஒருவர் பார்வையிட்ட பின்னரே முடிக்கும் ஆணையைச் சேர்த்தல் தகும்.