குல்மார்க்: பனியைப் பார்க்கப் போகிறவரும் பனிச்சறுக்குப் பழகப் போகிறவரும்

காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கோடையில் அது புல்வெளி, கோல்ஃப் மைதானம், குதிரைச் சவாரி. டிசம்பர் கடைசியில் பனி கொட்டத் தொடங்கிவிட்டால், மார்ச் வரை இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்குத் தலம் அதுதான். குளிர்காலத்தில் இங்கே இரண்டு வகையினர் வருகிறார்கள். காலையில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, பனியில் கால் வைத்து, படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறவர்கள் ஒரு வகை, பெரும்பாலோர் இவர்களே. சில நாட்கள் தங்கிப் பனிச்சறுக்குப் பழகுகிறவர்களும், ஏற்கெனவே பழகியிருந்து உச்சிச் சரிவுகளைத் தேடி வருகிறவர்களும் இன்னொரு வகை. வந்துபோவது ஒரே ஊருக்குத்தான் என்றாலும், இருவருக்கும் கிடைக்கும் அனுபவம் ஒன்றல்ல.

இங்கே பனிச்சறுக்கைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். கோடைக்கு மலையேறி வந்து பழகியவர்கள், குளிர்காலத்திலும் இந்தச் சரிவுகள் உதவும் என்று கண்டு 1927-இல் இந்தியப் பனிச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் அதைத் தொடர்ந்தது ராணுவம். 1948-இல், காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பனியில் நகர்வதற்குப் படைவீரர்களைப் பழக்க இங்கே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். பொதுமக்களுக்கான அரசுப் பயிற்சி நிலையம் 1960-களின் இறுதியில் வந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அதன் இன்றைய பெயர் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம். குல்மார்க் பகுதி ஒலிம்பிக் வீரர்களையும் தந்திருக்கிறது. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட குல் முஸ்தஃபா தேவ் ஒருவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி ஏந்திச் சென்ற ஆரிஃப் கான் இன்னொருவர். அவருடைய தந்தை குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகள் விற்கும் கடை நடத்தியவர். நான்கு வயதில் பலகை கட்டிய அந்தப் பிள்ளை, பெய்ஜிங்கில் ஜயண்ட் ஸ்லாலம் பந்தயத்தில் 45-ஆவதாக வந்தார்.

ஊருக்குள் நுழைவதே ஒரு படலம். மலையடிவாரத்தில் தங்மார்க் என்ற சிற்றூர் இருக்கிறது; அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் 13 கிலோமீட்டர்ப் பாதையில் பனி கெட்டிப்பட்டிருக்கும். டயர்களில் இரும்புச் சங்கிலி மாட்டிய உள்ளூர் வண்டிகள்தான் அப்போது மேலே போகும். சமவெளியிலிருந்து வந்த கார் அங்கேயே நிற்கும். நீண்ட கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகளும் தங்மார்க்கில் வரிசையாக இருக்கின்றன. கோட்டின் விஷயத்தில் பேரம் பேசலாம், அலட்சியம் செய்யலாம். கம்பூட்ஸ் அப்படியல்ல. சாதாரண ஷூவில் பனி உருகி நீர் இறங்கினால் அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். அதன்பின் எந்தக் காட்சியும் ரசிக்காது.

குல்மார்க்கின் பெரிய கவர்ச்சி கோண்டோலா. பழனி மலையில் ஓடும் ரோப் கார் போன்றதுதான், ஆனால் எட்டும் உயரம் வேறு. முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கொங்தூரி வரை, சுமார் 3,080 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. 1980-களின் இறுதியில் வேலை தொடங்கி, பள்ளத்தாக்கில் வன்முறை வெடித்ததால் நின்றுபோய், 1998-இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அது அஃபர்வத் மலையின் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இவ்வளவு உயரத்துக்கு ஏறும் கோண்டோலா உலகில் அதிகம் இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும் மேலே போவது உறுதியில்லை. காற்று பலமாக வீசினாலோ, புதுப்பனி விழுந்து சரிவு அபாயம் இருந்தாலோ இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். வெகுதூரம் வந்துவிட்டு உச்சியைக் காணாமல் திரும்பும் குடும்பங்கள் ஊழியர்களிடம் சண்டை போடுவது அங்கே புதிதல்ல. ஆனால் அந்த முன்னெச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது: 2017 ஜூனில் பலத்த காற்றில் மரம் ஒன்று முறிந்து விழுந்து, கோண்டோலாப் பெட்டியிலிருந்தவர்கள் கீழே விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள்.

ஒரு நாள் பயணிக்குக் கிடைக்கும் மற்ற அனுபவங்கள் ஸ்லெட்ஜும் ‘ஒரு மணி நேரப் பனிச்சறுக்கும்’. ஸ்லெட்ஜ் என்பது மரச்சட்டத்தில் செய்த தாழ்வான வண்டி. சுற்றுப்புறக் கிராமத்து ஆட்கள் அதைக் கயிற்றால் மேட்டுக்கு இழுத்துப் போய், பயணியைப் பின்னால் உட்கார வைத்து, தாமே முன்னால் அமர்ந்து காலால் திருப்பி, சரிவில் இறக்குவார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு இதுவே பிழைப்பு. கூலியை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. ஒரு மணி நேரப் பனிச்சறுக்கு என்பது பெரும்பாலும் ஏமாற்றம். பலகையைக் கட்டி, நிற்கப் பழகி, இரண்டு முறை விழுந்து எழுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மிஞ்சுவது ஒரு புகைப்படம். பனிச்சறுக்கு ஒரு மணி நேரத்தில் வராது. அப்படி வரும் என்று விற்பதுதான் தவறு.

முறையாகக் கற்பிக்கும் பனிச்சறுக்குப் பள்ளி என்ற ஏற்பாடு ஆல்ப்ஸ் மலையில் உருவானது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோன் ஊருக்கு 1907-இல் பயிற்சியாளராக வந்த ஹன்னஸ் ஷ்னைடர், மாணவர்களைத் திறமைக்கேற்பப் பிரித்து, எளிய அசைவிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகக் கொண்டுபோகும் பாடமுறையை அமைத்தார். ஆசிரியர் யாராக இருந்தாலும் ஒரே வரிசையில், ஒரே விதமாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. ஆர்ல்பெர்க் முறை எனப் புகழ்பெற்ற அது உலகெங்கும் பரவியது. 1938-இல் ஆஸ்திரியாவைப் பிடித்த நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு அவர் அமெரிக்கா சென்று நியூ ஹாம்ப்ஷயரில் கற்பிக்கத் தொடங்கினார். பனியில் முதன்முதலாகப் பலகை கட்டுகிறவர் இன்றும் கடக்கும் படிகள் ஏறத்தாழ அவர் வகுத்த வரிசையில்தான் இருக்கின்றன.

பாடம் கருவிக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. பலகையைவிட பூட்ஸுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் சற்றே விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. தாராளமாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாகக் கேட்பது புதியவர்களின் வழக்கம். அப்படிப்பட்ட பூட்ஸில் கால் திரும்பும், பலகை திரும்பாது. இரண்டு மூன்று சாக்ஸ் போடுவதும் பயனில்லை: மடிப்பு விழுந்து உறுத்தும், இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும். பருத்தியும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் பனியில் உதவாது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டும். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் நீளம் ஆகியவற்றைக் கேட்டு அதன் இறுக்கத்தை அமைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் காரணமே இல்லாமல் கழலும். நன்றாகச் சறுக்குவேன் என்று பெருமையடித்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். முழங்காலின் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் அடிக்கடி நேரும் காயங்களில் ஒன்று.

முதல் நாள் சறுக்குவதைவிட நடப்பதும் விழுவதும் அதிகம். சமதரையில் ஒற்றைப் பலகையோடு நகர்வது, பிறகு இரண்டோடும். சரிவுக்குக் குறுக்கே நின்று பக்கவாட்டில் படி ஏறுவது. விழுந்தால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு எழுவது. கடைசியாகச் சொன்னது எளிது போலத் தோன்றும். பலகை கீழ்நோக்கி இருக்கும் நிலையில் எழ முயன்று, எழுந்த கணமே வழுக்கி மறுபடி விழுகிறவர்களைப் பயிற்சித் திடலில் எந்நேரமும் காணலாம். அடுத்தது ஏர்க்கலப்பை வடிவம்: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதிகளை அகட்டி, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தினால் வேகம் குறைந்து நிற்கும். நிறுத்தத் தெரிந்த பிறகே திரும்பக் கற்றுத் தருவார்கள். இடப்பக்கம் திரும்ப வலக்காலில் அழுத்தம், வலப்பக்கம் திரும்ப இடக்காலில்.

இங்கே எல்லோருக்கும் தடையாக நிற்பது பயம். சரிவைக் கண்டதும் உடல் தானாகப் பின்னே சாயும். பின்னே சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது, திருப்பவும் முடியாது, வேகம் கூடும். வேகம் கூடினால் இன்னும் பின்னே சாயும். கீழ்நோக்கி, ஆபத்து இருக்கும் பக்கமாகவே நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தால்தான் பலகை சொன்னபடி கேட்கும். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத இந்த ஒன்றுக்காகவே ஆசிரியர் தேவைப்படுகிறார். கணவனோ நண்பனோ கற்றுத் தருவதில் பொறுமை போய்விடுவது உலகத்தின் எல்லாப் பனிச்சறுக்குத் தலங்களிலும் நடப்பதுதான். இரண்டாம் நாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றாம், நான்காம் நாளில் வளைவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரத் தொடங்கும். இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகத்தின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரம் நீள்வது இதனால்தான். தங்குமிடம், உணவு, கருவி எல்லாம் அதில் அடக்கம். தனியார் பயிற்சியாளரிடம் நாள் கணக்கில் பழகுவதைவிடச் செலவு குறைவு. காலை முழுக்கச் சரிவு, வேளைக்குச் சாப்பாடு, மறுபடி சரிவு என்ற கண்டிப்பைத் தாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இந்தியாவில் அரிது.

கற்றுக்குட்டிகளின் திடல் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளில் இருக்கிறது. மேலே இழுத்துச் செல்லக் கயிற்று இழுவைகள் உண்டு. சற்றுத் தேறியவர்களுக்கு நாற்காலி இழுவை. நாற்காலி இழுவையின் பிறப்பு வேடிக்கையானது: 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் முதலாவதை வடிவமைத்த பொறியாளர், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தில் கொக்கிகளுக்குப் பதில் நாற்காலிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தவர்.

உச்சிக்குப் போகிறவர்களின் உலகம் வேறு. ஐரோப்பியத் தலங்களில் இரவோடிரவாக இயந்திரங்கள் பனியை அழுத்திச் சமன்செய்யும்; நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கேற்ப வண்ணப் பலகைகள் வழிகாட்டும். அஃபர்வத்தின் சரிவுகள் பெரும்பாலும் இயற்கையாகவே விடப்பட்டவை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் என்ற வானிலை அமைப்புகள் இங்கே கொட்டும் உலர்ந்த, ஆழமான மென்பனியில் சறுக்கவே ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலர் மரக்காடுகளுக்குள் புகுந்து பாபா ரேஷி தர்காவரையோ திரங் கிராமம்வரையோ இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்துத் திரும்புவார்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அருகில் இருப்பதால் மலையின் மறுபக்கம் போகக் கூடாது.

கண்காணிக்கப்படும் பகுதியைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம் நிஜமானது. 2010 பிப்ரவரியில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் பனியில் புதைந்து இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவரும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தார்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும், அவற்றைக் கையாளத் தெரிந்த துணையும், உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே போவது வீரமல்ல, மடமை.

வெறுமனே பார்க்கப் போகிறவர்களையும் உயரம் சோதிக்கும். கோண்டோலாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு வந்தால் கீழே இறங்குவதே மருந்து. இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டாம் கட்டத்தில் ஏறக் கூடாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் கண் எரிந்து வீங்கும்.

பனி வருமா என்பதுதான் அண்மை ஆண்டுகளின் கவலை. காஷ்மீரின் கடுங்குளிர்க் காலமான சில்லாய் கலான், டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீளும். பனி கொட்ட வேண்டிய நாட்கள் அவை. 2024 ஜனவரியில் அந்நாட்களில் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. முன்பதிவு செய்தவர்கள் பயணத்தை ரத்து செய்தார்கள். 2020 முதல் இங்கே நடந்துவரும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையும் 2025-இல் பனிக்குறைவால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஸ்லெட்ஜ் இழுப்பவர், கருவி வாடகைக்கு விடுபவர், பயிற்சியாளர் என எல்லோருடைய ஆண்டு வருமானமும் இந்தச் சில வாரங்களில் அடங்கியிருக்கிறது.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை பனிக்கு ஓரளவு நம்பத் தகுந்த காலம். ஒரே நாள்தான் கைவசம் இருக்கிறது என்றால், பனிச்சறுக்குப் பலகைக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு முதல் கட்டக் கோண்டோலாவில் போய்வருவது மேல். பழகவே வேண்டும் என்ற ஆசையிருந்தால் ஐந்து நாளாவது ஒதுக்குங்கள். அந்த ஐந்து நாளும் ஒரே ஆசிரியரிடம் பழகுங்கள். பயிற்சி நிலையத்தில் இடம் வேண்டுமானால் குளிர்காலம் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.