வீட்டில் கேட்க ஓர் ஆள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே கேட்கப்படும் சான்றிதழ்களில் ஒன்று விநோதமானது: முதல் பட்டதாரிச் சான்றிதழ். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி என எவரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கான அத்தாட்சி அது. வீட்டில் இல்லாத ஒன்றுக்கு அரசு முத்திரை!

தமிழ்நாட்டில் 2010-11 முதல் இந்தச் சான்றிதழைக் காட்டி, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது.

படிக்காத வீட்டில் படிப்பாசை இருக்காது என்று நினைப்பவர்கள் அந்த வரிசையில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். "நாங்க பட்ட பாடு நீ படக்கூடாது" என்பது அங்கே நிற்கும் பெற்றோர் பலரின் வாய்ப்பாடு. ஆசைக்குப் பஞ்சமே இல்லை. எதைப் படிப்பது, யாரைக் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். டாக்டர் வீட்டுப் பிள்ளை எட்டாவதிலேயே சோற்றுத் தட்டின் முன்னால் 'கட்-ஆஃப்' என்ற சொல்லைக் கேட்டுவிடுகிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கோ அது ரிசல்ட்டுக்குப் பிறகுதான் காதில் விழுகிறது. பத்தாவது முடித்ததும் சிநேகிதன் சேர்ந்த குரூப்பிலேயே சேர்ந்திருப்பான். கணக்கு இல்லாத குரூப் என்றால் பொறியியல் கதவு பதினைந்து வயதிலேயே ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

கனவுகூடக் கண்ணில் பட்டதைத்தான் காணும். கிராமத்துப் பிள்ளைகள் டீச்சர், நர்ஸ், போலீஸ் என்பதன் காரணம் அதுதான். அவர்கள் பார்த்த உத்தியோகங்கள் அவ்வளவே.

பணமும் இழுக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் பனியன் கம்பெனிக்குப் போனால் இந்த வாரமே சம்பளம். கல்லூரிக்குப் போனால் மூன்று வருடம் செலவு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு 2022-இல் 'புதுமைப் பெண்', பையன்களுக்கு 2024-இல் 'தமிழ்ப் புதல்வன்' எனத் திட்டங்கள் வந்தன. மாதம் 1,000 ரூபாய். சம்பளத்துக்கு ஈடாகாதுதான், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கையேந்த வேண்டியதில்லை. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்த இரு திட்டங்களும் வருவதற்கு முன்பே பல கைகள் சேர்ந்து தூக்கிய உயரம் அது.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. ஆனால் தங்கை பத்தாவது முடித்து எந்தக் குரூப் என்று விழிக்கும்போது, அக்காவுக்கு வாய்க்காத ஒன்று அவளுக்கு இருக்கும்: வீட்டிலேயே கேட்க ஓர் ஆள்.