ஒட்டும் கூட்டும் காத்த திராட்சைத் தோட்டங்கள்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ளது லாங்டாக் வட்டாரம். கோடையில் மழை அரிது. சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த சரிவுகளிலும் சமவெளியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைதான். ரோமானியர் கி.மு. 118-இல் நிறுவிய நார்பான், கோட்டை மதில் சூழ்ந்த கார்க்கசான், 1681-இல் திறக்கப்பட்ட மிதி கால்வாய் செல்லும் பெசியே, பல்கலைக்கழக நகரான மான்பெலியே ஆகியன இதன் பழைய ஊர்கள். இங்கு விவசாயிகள் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு.

வேரில் வந்த கேடு

1860-களில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. பட்ட கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் தென்படவில்லை. 1868-இல் மான்பெலியே தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோனும் உடன் சென்றவர்களும் பட்டுப்போகாத கொடியின் வேரைத் தோண்டினார்கள். மஞ்சள் நிற நுண்பூச்சிகள் மொய்த்திருந்தன. வேர் செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்குச் சென்றுவிடும் என்பது அப்போதுதான் விளங்கியது.

பில்லாக்சிரா என்னும் இப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்நாட்டுக் காட்டுத் திராட்சையின் வேர் இதைத் தாங்கி வளரும். எனவே அதன் வேர்ச்செடியில் உள்ளூர் இரகங்களை ஒட்டுக் கட்டினார்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைந்தால் மேற்கொடி தானே வேர்விட்டுப் பூச்சிக்கு இரையாகும். மான்பெலியே நகரில் பிளான்ஷோனுக்குச் சிலை உள்ளது.

விலையில் வந்த கேடு

ஒட்டுக்கொடிகள் நன்கு காய்த்தன. ஆனால் 1900-க்குப் பின் ஒயின் விலை சரிந்தது. சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலிச் சரக்கு நிலைமையை மேலும் கெடுத்தது. 1907 மார்ச் 11-இல் ஆர்ஜெலியே கிராமத்தார் 87 பேர், மார்சலின் ஆல்பர் தலைமையில் நார்பான் சென்று முறையிட்டனர். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9-இல் மான்பெலியேயில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அதே மாதம் நார்பானில் படையினர் சுட்டதில் சிலர் மாண்டனர். ஜூன் 29-இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

சட்டத்துக்குக் காத்திராமலே வழி கண்டவர்களும் உண்டு. பெசியே அருகே மரோசான் கிராமத்துச் சிறு விவசாயிகள் 1901-இலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தனித்தனியே தொட்டியும் ஆலைச் செக்கும் வாங்க வசதியில்லாதவர்கள் அவர்கள். 1905-இல் பொதுக் கிடங்கு கட்டினார்கள். பழத்தை அங்கே எடைபோட்டுக் கொடுத்து, ஒன்றாக ஒயின் ஆக்கி, இடைத்தரகர் இன்றிப் பாரிஸ் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விற்றார்கள்.

பின்னர் இவ்வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இத்தகைய கிடங்குகள் எழுந்தன. அறுவடைக் காலத்தில் சிறு தோட்டத்தாரின் பழ வண்டிகள் இன்றும் அவற்றின் வாசலில்தான் எடைக்கு நிற்கின்றன.