கண்ணும் கைமருந்தும்

அரிவு வெட்டுக் காலத்திலே நெற்சுணை கண்ணில் விழுதல் புதிதன்று. விழுந்ததும் நாம் செய்வதென்ன? கண்ணைக் கசக்குகின்றோம், தாய்ப்பால் விடுகின்றோம், நந்தியாவட்டைப் பூவைப் பிழிகின்றோம், அன்றேல் அயலார் மிச்சம் வைத்த சொட்டு மருந்தை இரவல் வாங்கி இடுகின்றோம்.

சுணை கருவிழியைக் கீறின், அக்கீறலின் வழியே பூஞ்சணம் புகுந்து புண்ணாதல் கூடும். இரவல் மருந்து ஸ்டெரொயிட் கலந்ததாயின், சிவப்பும் வலியும் சற்றுத் தணியும். குணமாயிற்றென நாமும் மகிழ்வோம். உள்ளேயோ புண் பெருகும். ஈற்றிற் கண்ணிலே பூ விழும். அம்மருந்தையே மாதக்கணக்கில் இட்டுவரின், கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு பழுதுறலாம். அவ்வாறு இழந்த பார்வை மீளாது.

எம் மாணவனொருவன் இவ்வாறே இரண்டு வாரங் கடத்தினான். இன்று கரும்பலகையைக் காண அவனுக்கு உதவுவது ஒரு கண்ணே.

ஆதலால், தூசு விழுந்தாற் கசக்காது தூய நீராற் கழுவுக. சுண்ணாம்பு தெறித்தால் உடனே கால்மணி நேரமேனும் கழுவிய பின் வைத்தியரிடஞ் செல்லுக. சுணை கீறியபின் வலியோ கூச்சமோ மங்கலோ இருப்பின், அன்றே அரசினர் வைத்தியசாலையை நாடுக, அங்கே கட்டணமில்லை. திறந்து ஒரு மாதமான மருந்துக் குப்பியை எறிந்துவிடுக, அயலார்க்கும் ஈயற்க. ஈகை நன்றே, ஆயினும் கண்மருந்து ஈகைக்குரிய பொருளன்று.