ஸ்டாப் மோஷன் அசைவூட்டப் படங்களும் அவற்றின் இசையும்: சுவைஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு கலைப்படைப்பைப் பற்றி இருவர் மாறுபட்டுப் பேசும்போது, 'சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும்' என்று கூறி அவ்வுரையாடலை முடித்துவிடுவது எளிது. வகுப்பறையில் மாணவர் இருவர் ஒரே கதையைப் பற்றி எதிரெதிர்க் கருத்துக் கூறும்போதும் இதே விடையால் அவர்களை அமைதிப்படுத்துகிறோம். ஆயினும், எல்லாக் கருத்து வேறுபாடுகளும் சுவையினால் விளைவன அல்ல. ஒரே பொருளை இருவேறு அளவுகோல்களால் அளப்பதனாலும் அவை தோன்றுவதுண்டு. அத்தகைய வேறுபாட்டை ஆராய்ந்து பார்த்தால், படைப்பின் இயல்பே ஓரளவு துலங்கும்.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஸ்டாப் மோஷன் எனப்படும் அசைவூட்ட முறையில் உருவான மூன்று படங்களைப் பற்றி ரசிகர்கள் நெடுங்காலமாக நிகழ்த்திவரும் வாதமாகும். 1993இல் வெளிவந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்', 2005இல் வெளிவந்த 'கார்ப்ஸ் பிரைட்', 2009இல் வெளிவந்த 'கோரலைன்' ஆகிய மூன்றனுள் எது சிறந்தது என்னும் வினா, பெரும்பாலும் அவற்றின் இசையைப் பற்றிய வினாவாகவே முடிகிறது. இம்மூன்று படங்களிலும் இசைக்கு அளிக்கப்பட்ட பணி ஒன்றன்று என்பதையும், அதனை அறியாது ஒப்பிடுவதே வாதம் முடிவுறாமைக்குக் காரணம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அசைவூட்டத்தின் இயல்பு

ஸ்டாப் மோஷன் முறையில் பாவைகள் உண்மையான பொருள்களாகவே செய்யப்படுகின்றன. உலோக மூட்டுகளாலான எலும்புச் சட்டத்தின்மீது ரப்பர், சிலிக்கோன், துணி முதலியவை போர்த்தப்படுகின்றன. கலைஞர் பாவையின் உறுப்பைச் சிறிதளவு நகர்த்தி ஒரு படம் எடுக்கிறார். மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் எடுக்கிறார். இவ்வாறு எடுக்கப்பட்ட படங்களை நொடிக்கு 24 சட்டகம் என்னும் வேகத்தில் ஓட்டும்போது பாவை தானே இயங்குவதாகத் தோன்றுகிறது.

'நைட்மேர்' 76 நிமிடம் ஓடும் படம். கணக்கிட்டால் 109,440 சட்டகங்கள் வருகின்றன. ஒரு நிமிடக் காட்சியை உருவாக்க ஏறக்குறைய ஒரு வாரம் தேவைப்பட்டது. நடிகர் நடிக்கும் படத்தில் ஒரு காட்சி நிறைவளிக்காவிடில் மறுமுறை நடிக்கச் செய்யலாம். இங்கே மறுமுறை என்பது பல நாள் உழைப்பை இழப்பதாகும். ஆகவே, இசையை எந்தக் கட்டத்தில் அமைப்பது என்னும் முடிவு, பிற திரைப்படங்களைவிட இக்கலையில் மிகுந்த விளைவுகளை உடையது.

இசை முந்தியதா, படம் முந்தியதா?

தமிழ்த் திரைப்படத்தில் பாடல் முதலில் பதிவு செய்யப்பட்டு அதற்கேற்பக் காட்சி படமாக்கப்படுவதும், பின்னணி இசை படத்தொகுப்புக்குப் பின்னர்ச் சேர்க்கப்படுவதும் நாம் நன்கு அறிந்தவை. ஸ்டாப் மோஷனிலும் இவ்விரு வழிகளும் உள்ளன.

இரண்டாம் வழியே பழைமையானது. 1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தில் வில்லிஸ் ஓபிரையன் இயக்கிய குரங்குப் பாவைக்கு மேக்ஸ் ஸ்டைனர் அமைத்த இசை அச்சத்தையும் இரக்கத்தையும் ஒருங்கே ஊட்டியது. 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் ரே ஹேரிஹவுசன் ஏழு எலும்புக்கூடுகளை வீரர் மூவருடன் போரிடச் செய்தார். சில நிமிடமே நீடிக்கும் அக்காட்சிக்கு நான்கு மாதங்களுக்கு மேல் தேவைப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் பெர்னார்ட் ஹெர்மன். இவ்விரு படங்களிலும் பாவை முன்னே சென்றது; இசை பின்தொடர்ந்தது.

பாவை பாட வேண்டுமாயின் இவ்வரிசை தலைகீழாகிறது. முதலில் குரல் பதிவாக வேண்டும். பின்னர் அப்பதிவைச் சட்டகம் சட்டகமாகப் பகுத்து, எந்தச் சட்டகத்தில் எந்த ஒலி வருகிறது என்று பட்டியலிட வேண்டும். கலைஞர் அப்பட்டியலைப் பார்த்தே வாயசைவையும் உடலசைவையும் அமைக்கிறார். இங்கே இசை முன்னே செல்ல, பாவை அதன் வழி நடக்கிறது. ரசிகரின் வாதத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடே திறவுகோல்.

பாடலே கதையாகும் நிலை

'நைட்மேர்' படத்தின் மூலக்கருத்தும் பாத்திரங்களும் டிம் பர்ட்டனுடையவை. இயக்கியவர் ஹென்றி செலிக். பாடல்களை இயற்றி இசையமைத்தவர் டேனி எல்ஃப்மன். கதைத்தலைவனாகிய ஜாக் என்னும் எலும்புக்கூட்டின் பாடற்குரலும் அவருடையதே. திரைக்கதை நிறைவு பெறுமுன்னரே, பர்ட்டன் சொல்லச்சொல்ல எல்ஃப்மன் பாடல்களை உருவாக்கினார். கேரலைன் தாம்ப்சன் எழுதிய திரைக்கதை பின்னர் வந்தது. கதையின் எலும்புச் சட்டமே பாடல்களால் ஆனது எனலாம்.

இப்படத்தைக் குறைகூறுவோர், பல பாடல்களில் மெட்டு மனத்தில் நிற்கவில்லை என்றும், பேச்சையே இழுத்துப் பாடியதுபோல் உள்ளன என்றும் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. எல்ஃப்மன் குர்ட் வைலின் மேடையிசையையும், கில்பர்ட், சலிவன் ஆகியோரின் நகைச்சுவை இசைநாடகங்களையும் முன்மாதிரியாகக் கொண்டவர். அம்மரபில் பாடல் ஓர் உணர்வில் நிலைத்து நில்லாது, பேசுபவரின் எண்ண ஓட்டத்தோடு நகர்ந்து செல்லும். ஜாக் ஒரு பாடலில் தன் வாழ்வின் சலிப்பைக் கூறுகிறான். மற்றொன்றில் புதிய ஊரைக் கண்டு வியக்கிறான். பிறிதொன்றில் அவ்வூரின் விழாவை ஆராய்ந்தும் விளங்காது தவிக்கிறான். இறுதியில் தன் பிழையை உணர்ந்து தெளிகிறான். இப்பாடல்களை நீக்கிவிட்டால் ஜாக்கின் மனமாற்றமே படத்தில் இல்லாது போகும். மெட்டின் இனிமையை மட்டும் அளவாகக் கொள்வோர்க்குக் குறையாகப்படுவது, கதைப்பணியை அளவாகக் கொள்வோர்க்கு நிறையாகிறது.

எனினும், பாடலை முதன்மைப்படுத்தியதற்குப் படம் ஒரு விலை கொடுத்துள்ளது என்பதையும் மறுத்தற்கில்லை. ஜாக்குக்குப் பல பாடல்கள் இருக்க, அவனை விரும்பும் சேலிக்குத் தனிப்பாடல் ஒன்றே உள்ளது. அதனால் இறுதியில் இருவரும் இணையும்போது, ஜாக்கின் காதல் எப்போது முளைத்தது என்பது தெளிவாகவில்லை. பாடல் பெற்ற உணர்வு வளர்ந்தது; பாடல் பெறாத உணர்வு வளரவில்லை.

சொல்லற்ற இசையின் பணி

'கார்ப்ஸ் பிரைட்' படத்தைப் பர்ட்டனும் மைக் ஜான்சனும் இணைந்து இயக்கினர். இதற்கும் எல்ஃப்மனே இசையமைப்பாளர். நான்கு பாடல்களே இதில் உள்ளன. 'நைட்மேர்' ரசிகர் பலர் இதனைக் குறையாகக் கருதுவர். பாடல்கள் கதையை நகர்த்தாது, முன்நிகழ்ந்ததைத் தொகுத்துக் கூறுகின்றன என்பது அவர்தம் வாதம். எலும்புக்கூடுகள் ஜாஸ் இசைக்கு ஆடும் பாடல் மணப்பெண் கொலையுண்ட வரலாற்றைக் கூறுவதையும், தொடக்கப் பாடல் இரு குடும்பங்களை அறிமுகம் செய்வதையும் நோக்கும்போது அவ்வாதம் பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆனால் இப்படத்தின் இதயம் பாடல்களில் இல்லை. கதைத்தலைவன் விக்டர் கூச்சம் மிக்கவன், பேசத் தடுமாறுபவன். அவன் பாடுவதில்லை, பியானோ வாசிக்கிறான். மணக்கவிருக்கும் விக்டோரியா அவனை முதன்முதலாக அறிவது அவன் வாசிப்பின் வழியேதான். பின்னர் இறந்தோர் உலகில், மனம் புண்பட்டு அமர்ந்திருக்கும் எமிலியின் அருகே அமர்ந்து அவனும் வாசிக்கத் தொடங்குகிறான். இருவர் வாசிப்பும் ஒன்றையொன்று வினவி விடையளித்து, இறுதியில் ஒன்றுகலக்கின்றன. அவ்வேளையில் எமிலியின் கை மணிக்கட்டிலிருந்து கழன்று, தனியே கட்டைகளின்மீது ஓடி வாசிக்கிறது. மன்னிப்பும் நெருக்கமும் ஒரு சொல்லும் இன்றி நிகழ்ந்துவிடுகின்றன. 'நைட்மேர்' படத்தில் காணாத உறவின் வளர்ச்சி இங்கே சில மணித்துளிகளில் கிட்டுகிறது.

தொழில்நுட்பமும் இதற்குத் துணைநின்றது. ஜாக்கின் முகபாவங்களுக்கு ஏறத்தாழ 400 தலைகள் தனித்தனியே செய்யப்பட்டு மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்டன. 'கார்ப்ஸ் பிரைட்' பாவைகளின் தலைக்குள்ளோ நுண்ணிய பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டு, சிறு திறவுகோலால் திருகி முகபாவம் சிறுகச் சிறுக மாற்றப்பட்டது. முன்னது, ஓங்கிப் பாடும் முகத்துக்கு ஏற்றது. பின்னது, கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்கு ஏற்றது. விக்டர் வீட்டுக்கூடத்தில் வாசிக்கும் பியானோவில் ஹேரிஹவுசன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது, இக்கலைஞர்கள் தம் முன்னோடிக்குச் செலுத்திய வணக்கமாகும்.

இசை சூழலாகும் நிலை

நீல் கெய்மன் 2002இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவிய 'கோரலைன்', செலிக் இயக்கியது. முதலில் இப்படத்திற்கெனத் தே மைட் பி ஜயன்ட்ஸ் என்னும் குழுவினர் பல பாடல்கள் உருவாக்கினர். படத்தின் போக்கு மாறியதால் அவற்றுள் ஒன்றே எஞ்சியது. பின்னணி இசையைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் புருனோ குலே அமைத்தார். சிறுவர் சேர்ந்திசைக் குழு அதில் பாடும் சொற்கள் எம்மொழிக்கும் உரியவை அல்ல, ஒலிக்காகவே புனையப்பட்டவை. பொருள் விளங்காத அம்மழலைக் குரல்கள், இனிமைபோல் தோன்றும் மாற்றுலகின் அச்சத்தைக் கேட்போர் அறியாமலே விதைக்கின்றன.

படத்தில் இடம்பெறும் ஓரிரு பாடல்களும் கதைமாந்தரின் உள்ளத்தை வெளியிடுவன அல்ல. பிறரை மயக்க நிகழ்த்திக் காட்டப்படுவன. மாற்றுலகத் தந்தை பியானோ முன் அமர்ந்து பாடும் காட்சியில், அக்கருவியிலிருந்தே இயந்திரக் கைகள் நீண்டு அவருடைய கைகளை வாசிக்கச் செய்கின்றன. வாசிப்பவர் அவரல்லர், அவரே வாசிக்கப்படுகிறார். 'இப்படத்தில் நினைவில் நிற்கும் பாடல் இல்லை' என்னும் குறைபாடு இதனால் வலுவிழக்கிறது. பாடலை நம்பவேண்டாம் என்று எச்சரிக்கும் கதைக்கு, மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பாடல்கள் பொருந்தா.

புகழ் யாருக்குரியது?

இவ்வாதத்தில் அளவுகோலுக்கு அப்பாற்பட்ட நேர்மைச் சிக்கல் ஒன்றும் உண்டு. 'நைட்மேர்' படத்தின் தலைப்பிலேயே பர்ட்டனின் பெயர் முன்னொட்டாக அமைந்தது. அதனால் படத்தை இயக்கியவரும் அவரே என்று எண்ணுவோர் இன்றும் பலர். உண்மையில் அக்காலத்தில் அவர் 1992இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' முதலிய பணிகளில் ஈடுபட்டிருந்தார். சான்பிரான்சிஸ்கோவில் அன்றாடம் படத்தை உருவாக்கியவர்கள் செலிக்கும் அவருடைய கலைஞர்களும். இக்குறைபாட்டைச் செலிக்கே 2022இல் பொதுவெளியில் குறிப்பிட்டார். பெயர் தவறினால் ஒப்பீடும் தவறுகிறது. 'நைட்மேர்', 'கார்ப்ஸ் பிரைட்' ஆகியவற்றை ஒரே கையின் இரு படைப்புகளாக ஒப்பிடுவோர், முன்னதையும் 'கோரலைன்' படத்தையும் இணைக்கும் இயக்குநரை மறந்துவிடுகின்றனர். இரண்டிலும் கதைமாந்தர் ஒரு கதவைத் திறந்து மற்றோர் உலகில் நுழைகின்றனர். தமக்குரியதன்று என்று உணர்ந்து திரும்புகின்றனர். ரசிகர் இதனை அரிதாகவே எடுத்துரைக்கின்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மூன்று படங்களிலும் இசை ஏற்ற பணி வெவ்வேறு என்பது புலனாகும். முதலாவதில் அது கதையைக் கட்டுகிறது; இரண்டாவதில் உறவைப் பேசுகிறது; மூன்றாவதில் சூழலை உருவாக்குகிறது. ஆகவே, 'எப்படத்தின் இசை இனியது?' என்று வினவுவதற்கு முன், 'இசை இங்கு எதற்காக அமைந்தது? அது பாவைக்கு முன் வந்ததா, பின் வந்ததா? அப்பணியை நிறைவேற்றியதா?' என்று வினவுதல் வேண்டும்.

இவ்வினாக்களுக்குப் பின்னும் விருப்பம் வேறுபடலாம். பாடல்களைத் தனித்துக் கேட்டு மகிழ்வோர் 'நைட்மேர்' படத்தையே நாடுவர். 2015 முதல் அப்பாடல்கள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பவுல் அரங்கில் எல்ஃப்மனாலேயே பாடப்பட்டமை அவற்றின் தனித்து நிற்கும் ஆற்றலைக் காட்டும். உறவின் நுண்மையை வேண்டுவோர் 'கார்ப்ஸ் பிரைட்' படத்தைத் தேர்வர். ஆனால் அப்போது ஒவ்வொருவரும் தாம் எதை விரும்புகிறோம் என்பதோடு, எதனால் விரும்புகிறோம் என்பதையும் எடுத்துரைக்க இயலும். இலக்கிய வகுப்பில் நாம் மாணவரிடம் எதிர்பார்க்கும் திறனாய்வும் இதுவே. அவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பார்க்கும் படங்களைக் கொண்டே அதனைப் பயிற்றத் தொடங்கலாம்.